தளம் திறக்கிறது என்பதை நம்பி மீதிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

பெங்களூரு அல்சூரில் பொடி, அப்பளம், வடகம் செய்து விற்கிறேன். பாதிக்கு மேல் ஆர்டர் எங்கள் இணையதளத்தில்தான் வருகிறது. 2019-இல் ஜாங்கோ என்ற இணையதளம் கட்டும் மென்பொருளின் 2.2 பதிப்பில் கட்டிய தளம். அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2022 ஏப்ரலோடு நின்றுவிட்டது. அதனால் 4.2-க்கு மாற்றித் தரச் சொல்லி இங்குள்ள ஒரு சின்ன நிறுவனத்திடம் கொடுத்தேன். பேசியவர் சேலத்துக்காரர். "ஒரே நாள் வேலைக்கா, நான் பாத்துக்கறேன்" என்றார். நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்டதும் மேற்கொண்டு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. 60,000 ரூபாய் பேசி, 35,000 முன்பணம் கொடுத்தேன்.

மறுநாள் இரவே முடித்துவிட்டார்கள். தளம் திறந்தது, ஆர்டரும் வந்தது.

பத்து நாள் கழித்து மைசூரு வாடிக்கையாளர் ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். "பழைய ஆர்டரைப் பார்க்கப் போனா இப்படி வருதும்மா." மேலே மஞ்சள் பட்டையில் பிழைச் செய்தி. கீழே எங்கள் நிரல் வரிகள், சர்வரின் கோப்புப் பாதைகள், செட்டிங்ஸ் எல்லாம் வரிசையாக. கடவுச்சொற்களை மட்டும் ஜாங்கோவே நட்சத்திரக் குறி போட்டு மறைத்திருந்தது.

என் சித்தி மகன் இதே துறையில் இருக்கிறான். அன்றிரவே உட்கார்ந்து பார்த்தான். பிழை வந்தால் உள்விவரங்களைத் திரையில் காட்டும் 'டீபக்' அமைப்பு 'ட்ரூ', அதாவது இயக்கத்தில், என்றே கிடந்தது. தளத்தைக் கட்டும் வேலை நடக்கும்போது மட்டும் போட வேண்டியது அது. பிழைக்குக் காரணம் 'இஸ் அஜாக்ஸ்' என்ற பழைய வசதி; பக்கத்தை முழுதாக மறுபடி திறக்காமல் பின்னணியில் வந்த கோரிக்கையா என்று பார்ப்பது. 4.0-இல் அதை எடுத்துவிட்டார்கள். முதலில் இடையிலுள்ள 3.2 பதிப்புக்குப் போய், எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லி ஓட்டியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். இவர்கள் ஒரே தாவாகத் தாவியிருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய அநியாயம் இன்னொன்று. 4.0-இலிருந்து ஜாங்கோ, படிவம் எந்த இணைய முகவரியிலிருந்து வருகிறது என்பதையும் சரிபார்க்கிறது. எங்கள் தளம், வருகைகளை முதலில் வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருளுக்குப் பின்னால் இருப்பதால் படிவங்கள் 'அனுமதி இல்லை' என்னும் 403 பிழை காட்டியிருக்கின்றன. ஜாங்கோவின் நம்பகமான முகவரிப் பட்டியலில், முன்னால் எச்டிடிபிஎஸ் சேர்த்து எங்கள் தளத்தின் முகவரியை ஒரு வரி எழுதினால் சரியாகிவிடும். அதைச் செய்யாமல், பணம் செலுத்தும் பக்கம், டெலிவரி முகவரி மாற்றும் பக்கம் எல்லாவற்றிலும், படிவம் எங்கள் தளத்திலிருந்துதான் வருகிறதா என்று பார்க்கும் சிஎஸ்ஆர்எஃப் சோதனையையே நீக்கிவிட்டார்கள். "அக்கா, கதவு இறுக்கமா இருக்குன்னு பூட்டையே கழட்டிட்டுப் போயிருக்காங்க" என்றான். எங்கள் தளத்தில் லாகின் செய்திருக்கும் ஒருவர் வேறொரு கள்ளத் தளத்தைத் திறந்தால், அது அவர் பெயரிலேயே இங்கே டெலிவரி முகவரியை மாற்றிவிடும் ஆபத்து இருக்கிறது. என்னை நம்பி முகவரி கொடுத்தவர்கள் அவர்கள். எனக்கு அன்று தூக்கமே இல்லை.

கேட்டதற்கு, "அதெல்லாம் தனி வேலைக்கா, 18,000 ஆகும்" என்றார்கள்.

யாரிடமாவது இந்த வேலையைக் கொடுக்கப் போகிறீர்களா? வழியில் எந்தப் பதிப்புகளில் நின்று எந்தப் பதிப்புக்குப் போவார்கள் என்று எழுதி வாங்குங்கள். முதலில் தளத்தின் நகலில் செய்து காட்டச் சொல்லுங்கள். டேட்டாபேஸ் பேக்கப் உங்கள் கையில் வராமல் வேலையைத் தொடங்க விடாதீர்கள். முடிந்ததும் லாகின், கூப்பன், பழைய ஆர்டர், பணம் திருப்புதல் என்று ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களே தட்டிப் பாருங்கள். அந்தச் சோதனையிலிருந்து விலக்குக் கொடுக்கும் 'சிஎஸ்ஆர்எஃப் எக்செம்ப்ட்' எங்கேயாவது புதிதாகப் போட்டிருக்கிறார்களா என்று விவரம் தெரிந்த ஒருவரைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

தம்பி மூன்று வார இறுதிகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்தான். டேட்டாபேஸ் கடவுச்சொல், பேமென்ட் கேட்வே சாவி எல்லாம் மாற்றிவிட்டோம். மீதி 25,000 கேட்டு இன்னும் போன் வருகிறது. பூட்டை ஏன் கழற்றினீர்கள் என்று எழுத்தில் பதில் கொடுங்கள், அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.