பாப்லர் வேரில் இரண்டு பூஞ்சைகள்: ஒன்றை வேர் அழைக்கிறது, இன்னொன்று தடையைத் தாண்டி வருகிறது

பைன், ஓக் மரங்களின் வேர்நுனியில் பூஞ்சை உறைபோல் போர்த்திக்கொள்ளும். தேக்கிலும் மாமரத்திலும் அது வேரின் செல்லுக்குள்ளேயே குடியேறும். பாப்லர் இந்த இரண்டு வகையையும் ஏற்கும் மரம். வேரின் ஹார்மோன்கள் எந்தப் பூஞ்சையை எப்படி நடத்துகின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான மரம் கிடைக்காது.

முதலில் உள்ளே குடியேறும் ரைசோஃபேகஸ் பூஞ்சை. நம் உழவர்கள் ‘வேம்’ என்று வாங்கும் வேர் உட்பூசண உரம் இந்த வகைதான். இதில் முதல் பேச்சு வேருடையது. மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்தால் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற ஹார்மோனைக் கசியவிடும். அது பட்டதும் பூஞ்சை இழை கிளைகிளையாகப் பிரியும். 2005-இல் ஜப்பானில் அகியாமா குழு இதைக் கண்டறிந்தது. சோளக்காட்டில் சுடுமல்லி விதையை முளைக்கவைப்பதும் இதே ஹார்மோன்தான். பூஞ்சைக்குப் போகும் சேதியை ஒட்டுண்ணிக் களையும் ஒட்டுக்கேட்கிறது! அப்புறம் ஜிப்ரலின் என்ற இன்னொரு ஹார்மோன். அது மிகுந்தால், செல்லுக்குள் குட்டி மரம்போல் கிளைக்கும் பூஞ்சையின் பகுதியான ஆர்பஸ்கியூல் சரியாக அமையாது. பட்டாணி போன்ற செடிகளில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள்.

மேலே போர்த்தும் லக்காரியா பைகலர் காளானிடம் நிலைமை வேறு. எனக்கு அதிகம் பிடித்தது இதுதான். வேரைத் தொடுவதற்கு முன்பே அது வேருக்குள் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனின் ஓட்டத்தை மாற்றிப் பக்கவேர்களைப் பெருக்குகிறது. தான் அமர இடத்தைத் தானே கூட்டிக்கொள்கிறது. பிறகு செல்களுக்கு இடையே நுழைந்து ஹார்ட்டிக் வலை என்ற இழைவலையைப் பின்னுகிறது. அங்கேதான் மரம் பிரேக் போடுகிறது. தற்காப்பு ஹார்மோன்களான எத்திலீனோ ஜாஸ்மோனிக் அமிலமோ கூடினால் வலை உள்ளே பரவாது. பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. மிஸ்ப்-7 என்ற சிறு புரதத்தை வேர்ச்செல்லின் உட்கரு வரை அனுப்புகிறது. ஜாஸ்மோனிக் சமிக்ஞையை அடக்கிவைக்கும் ஜாஸ்-6 என்ற மரத்தின் புரதம் சிதைந்துவிடாமல் அது காக்கிறது. பிரான்சின் நான்சியில் ஃபிரான்சிஸ் மார்ட்டின் குழு 2014-இல் இதை வெளியிட்டது. மிஸ்ப்-7 சுரக்காத லக்காரியாவால் பூஞ்சையும் வேரும் இணைந்த கூட்டு வேரை அமைக்கவே முடியவில்லை. சில நோய்க்கிருமிகள் ஜாஸ்மோனிக் வழியைத் தூண்டிவிட்டு நுழைகின்றன; லக்காரியா அதே வழியை அடக்கி நுழைகிறது.

ஒன்று அழைப்பு, மற்றது அத்துமீறல் என்று இதைப் பிரித்துவிட முடியாது. ரைசோஃபேகஸும் எஸ்பி-7 என்ற புரதத்தை அனுப்பி, எத்திலீனோடு தொடர்புடைய தற்காப்பைத் தணிக்கிறது.

கண்ணுக்குத் தெரிவதிலும் வித்தியாசம் உண்டு. போர்த்திய நுனி குட்டையாக, தடித்து, பஞ்சு சுற்றிய விரல்போல் கைலென்ஸிலேயே தெரியும். உட்பூசண வேரோ சாதாரண வேர்போலவே இருக்கும். காரத்தில் வேகவைத்து, டிரைபன் நீலம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

நாற்றங்காலில் எதைக் கையாள்வது எளிது என்று கேட்டால், உட்பூசணத்தைச் சொல்வேன். மணிச்சத்தை அளவோடு நிறுத்தினால் போதும், வேர் தானே அழைக்கும். மணிச்சத்து உரமான டிஏபியை அள்ளிப் போட்டுவிட்டு மேலே வேம் தூவுவது பணத்தை வீணாக்குவது. பைன் நாற்றுக்கு அப்படி ஒரு சுலபமான பிடி இல்லை. நீர் தேங்கினால் வேருக்குள் எத்திலீன் வெளியேற முடியாமல் தங்கும் என்பதால், பூஞ்சை கலந்த மண்ணை நிரப்பும் முன் நாற்றுப் பையின் வடிகால் துளை அடைபட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.