கவுன்சில் டாக்ஸா, ஜாயிண்ட் அக்கவுண்டா, போட்டோவா: பிரிட்டன் பார்ட்னர் விசாவுக்கு எந்த ஆதாரம் நிக்கும்?

கல்யாணம் பண்ணிக்காம சேர்ந்து வாழ்ற ஜோடிக்கும் பிரிட்டன்ல பார்ட்னர் விசா உண்டு, ஆனா ரெண்டு வருஷமா கணவன் மனைவி மாதிரியான உறவுல இருக்கோம்னு காட்டணும். முன்னாடி அந்த ரெண்டு வருஷமும் ஒரே வீட்டுல இருந்திருக்கணும்னு ரூல் இருந்துச்சு, 2024 ஜனவரி 31-ல இருந்து அதைத் தளர்த்திட்டாங்க. இப்போ உறவு ரெண்டு வருஷம் இருந்தா போதும், தனித்தனியா இருந்திருந்தா ஏன்னு விளக்கம் கொடுக்கலாம். இதைப் பார்த்துட்டு "அப்பாடா, இனிமே அட்ரஸ் ப்ரூஃப் தேவையில்ல"ன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, தயவுசெஞ்சு அப்படி விட்டுடாதீங்க. சேர்ந்து இருந்தவங்களுக்கு இன்னைக்கும் பெரிய பலம் ஒரே அட்ரஸ்ல வந்த பேப்பர்தான்.

பல வருஷமா ஹோம் ஆபீஸ் (விசா முடிவு பண்ற அரசுத் துறை) ஃபார்ம்ல கேட்டு வந்த கணக்கு இது: ரெண்டு வருஷத்துல பரவலா ஆறு கடிதம், குறைஞ்சது மூணு வேற வேற இடத்துல இருந்து, ரெண்டு பேர் பேர்லயும் சேர்த்தோ இல்ல தனித்தனியா ஆனா ஒரே அட்ரஸுக்கோ வந்திருக்கணும். ரூல் மாறினாலும் நான் யாருக்குச் சொன்னாலும் இந்தக் கணக்கை வெச்சுத்தான் ஆரம்பிக்கச் சொல்வேன். சரி, எந்தப் பேப்பருக்கு எவ்வளவு எடைன்னு பார்ப்போம்.

முதல்ல கவுன்சில் டாக்ஸ் பில், அதாவது உள்ளாட்சிக்குக் கட்டுற வீட்டு வரி. என் கணக்குல இதுதான் நம்பர் ஒன். அரசாங்கமே அனுப்புறது, வருஷா வருஷம் மார்ச் வாக்குல தானா வருது, பேரு, அட்ரஸ், தேதி, எந்த நாள்ல இருந்து பொறுப்புன்னு எல்லாம் அதுலயே இருக்கும், விசாவுக்காக யாரும் உட்கார்ந்து தயார் பண்ண முடியாது. ரெண்டு பேர் பேரும் பில்லுல இருந்துட்டா அந்த வருஷத்தைப் பத்தி ஆபீசருக்குப் பெருசா கேள்வி வராது.

ஆனா இதுல ஒரு குழி இருக்கு. வீட்டுல ஒரே ஒரு பெரியவர்னா 25 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். சேர்ந்து வாழ்ந்துக்கிட்டே காசு மிச்சம்னு ஒருத்தர் பேர்ல மட்டும் தள்ளுபடி வாங்கி வெச்சிருந்தா, நீங்களே கவுன்சில்கிட்ட "நான் தனியாத்தான் இருக்கேன்"னு எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும், அதே பில்லை விசா ஃபைல்ல வெச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அது தப்பும்கூட, உடனே கவுன்சிலுக்குச் சொல்லித் திருத்திடுங்க. இன்னொரு பக்கம், நியாயமாவே இந்தத் தள்ளுபடி வர்ற ஜோடியும் உண்டு. ஒருத்தர் ஃபுல் டைம் ஸ்டூடன்ட், இன்னொருத்தர் வேலைக்குப் போறவர்னா ஸ்டூடன்டை கணக்குல எடுக்க மாட்டாங்க, 25 சதவீதம் குறையும், பில்லும் பெரும்பாலும் வேலைக்குப் போறவர் பேர்லதான் வரும். நம்ம பசங்க பாதி பேருக்கு இதான் நிலைமை. அப்போ வெறும் பில்லை மட்டும் சொருகாதீங்க, தள்ளுபடி எதுக்காகன்னு கவுன்சில் அனுப்பின லெட்டர், யூனிவர்சிட்டி கொடுத்த ஸ்டூடன்ட் சர்டிஃபிகேட், ரெண்டையும் பின்னாலேயே வெச்சு கவர் லெட்டர்ல ஒரு வரி எழுதிடுங்க.

அடுத்தது டெனன்சி அக்ரிமென்ட், அதாவது வாடகை ஒப்பந்தம். ரெண்டு பேரும் டெனன்ட்டா கையெழுத்து போட்டிருந்தா ரொம்ப நல்லது. ஒரு சிக்கல் என்னன்னா, அது குடிவந்த நாளுக்குத்தான் சாட்சி, அதுக்கப்புறம் ரெண்டு பேரும் அங்கயே இருந்தீங்களான்னு அது சொல்லாது, அதனால வாடகை போன பேங்க் ஸ்டேட்மென்ட்டோட ஜோடி சேர்த்துத்தான் கொடுக்கணும். ஒருத்தர் ஏற்கெனவே இருந்த வீட்டுக்கு இன்னொருத்தர் அப்புறம் வந்து சேர்ந்திருந்தா லெட்டிங் ஏஜென்ட்கிட்ட சொல்லி பேரைச் சேர்க்கச் சொல்லுங்க. இங்கிலாந்துல இதுக்கு வாங்குற ஃபீஸுக்கு 2019 சட்டப்படி பொதுவா 50 பவுண்ட்தான் வரம்பு. டெனன்ட்டா சேர்க்க மாட்டேன்னா, தங்குறதுக்கு அனுமதி உள்ளவர்னாவது பேரை எழுத வைங்க.

ஜாயிண்ட் பேங்க் அக்கவுண்ட் பத்தி எல்லாரும் முதல்ல சொல்றாங்க, நான் இதை மூணாவதாத்தான் வைப்பேன். அப்ளை பண்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி திறந்து 100 பவுண்ட் போட்டு அப்படியே வெச்சிருக்கிற அக்கவுண்ட் எதையும் நிரூபிக்காது, விசாவுக்காகத் திறந்ததுன்னு பார்த்த உடனே தெரியும். அதே அக்கவுண்ட்ல மாசாமாசம் வாடகை, கரண்ட், மளிகை, ரெண்டு பேர் சம்பளத்துல இருந்தும் கொஞ்சம் கொஞ்சம் வந்து விழுறதுன்னு ரெண்டு வருஷ ஓட்டம் தெரிஞ்சா அது வேற லெவல். ஜாயிண்ட் அக்கவுண்ட் திறந்தா ரெண்டு பேரோட கிரெடிட் ரெக்கார்டும் இணைஞ்சிடும், அதையும் தெரிஞ்சுக்கிட்டு திறங்க. தனித்தனி அக்கவுண்ட்தான் இருக்குன்னாலும் பயப்பட வேண்டாம், ரெண்டு ஸ்டேட்மென்ட்லயும் ஒரே அட்ரஸ், ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு மாசாமாசம் "ரென்ட்"னு போன பணம், இதுவும் நல்லாவே பேசும்.

கரண்ட், கேஸ், தண்ணி, பிராட்பேண்ட் பில் எல்லாம் துணைக்கு. ஒரு பில் அவர் பேர்ல, ஒரு பில் உங்க பேர்லன்னு பிரிச்சுக்கோங்க, எல்லாத்தையும் ஒருத்தரே எடுத்துக்கிட்டா இன்னொருத்தர் அந்த வீட்டுலயே இல்லாத மாதிரி ஆயிடும்.

இப்போ முக்கியமான ஆளுங்களுக்கு வர்றேன். லண்டன்ல ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட், ஹாரோ பக்கம் ஒரு வீட்டுல ரூம் எடுத்து கேஷா வாடகை கொடுத்து இருக்கிறவங்க. அக்ரிமென்ட் கிடையாது, கவுன்சில் டாக்ஸ் ஓனர் கட்டுறார், கரண்டும் அவர் பேர்ல. இவங்கதான் ரொம்பப் பயப்படுறாங்க, ஆனா இவங்களுக்கும் வழி இருக்கு. ஜிபி-கிட்ட, அதாவது ஏரியா குடும்ப டாக்டர்கிட்ட, ரெண்டு பேரும் ஒரே அட்ரஸ்ல பதிஞ்சா என்ஹெச்எஸ் (அரசு மருத்துவ சேவை) அப்பாயின்ட்மென்ட் லெட்டர் வரும். வரி ஆபீஸ்ல அட்ரஸ் மாத்திட்டா டாக்ஸ் கோட் லெட்டர் அங்க வரும். ப்ரொவிஷனல் டிரைவிங் லைசென்ஸ் அட்ரஸோட கையில கிடைக்கும். அப்புறம் நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு: இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வெச்சிருக்கிறவங்க காமன்வெல்த் குடிமக்கள்ங்கிறதால, செல்லுபடியாகுற விசாவுல இங்க குடியிருந்தா வாக்காளர் பட்டியல்ல பேர் சேர்க்கலாம். காசு கிடையாது, கவுன்சில் லெட்டர் அனுப்பும், எலெக்‌ஷன் வந்தா போல் கார்டும் வரும். வீட்டு வாடகையே பேர்ல இல்லாதவங்களுக்கு கவுன்சில் பேப்பர் கிடைக்கிற ஒரே வழி இதுன்னுகூட சொல்லலாம், இன்னைக்கே பண்ணுங்க. வாடகையையும் கேஷை விட்டுட்டு பேங்க் வழியா அனுப்ப ஓனர்கிட்ட பேசிப் பாருங்க.

போட்டோ, வாட்ஸ்அப் சாட், ஃப்ரெண்ட்ஸ் எழுதிக் கொடுக்கிற லெட்டர். இதுக்குத்தான் ஜனங்க ராத்திரி பகலா உட்கார்றாங்க, இதுக்குத்தான் எடை கம்மி. உறவு உண்மைன்னு காட்ட உதவும், ஒரே வீட்டுல இருந்தீங்கன்னு காட்ட உதவாது. இங்கிலீஷ்லயோ வெல்ஷ்லயோ இல்லாத எதுவா இருந்தாலும் சான்றிதழோட மொழிபெயர்ப்பு வேணும், அதனால தமிழ்ல கொஞ்சிக்கிட்ட 200 பக்க சாட்டைக் கொடுத்தா மொழிபெயர்ப்புக்கே காசு கரையும். விசேஷத்துல ரெண்டு குடும்பமும் சேர்ந்து நிக்கிற போட்டோ சில, தேதியோட, போதும். பிரிஞ்சு இருந்த மாசங்களுக்கு மட்டும் சாட், கால் ஹிஸ்டரி, ஃப்ளைட் டிக்கெட் உண்மையிலேயே வேலை செய்யும், அங்க அதுதான் உங்க ஆதாரம். வீட்டுக்குத் தெரியாது, ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க, அதனால சேர்ந்து குடியேறலன்னா அதை மறைக்காம அப்படியே எழுதுங்க.

"இவ்வளவு கஷ்டத்துக்கு ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிட்டு அப்ளை பண்ணலாமே"ன்னு சொல்றவங்க உண்டு. ரெண்டு வருஷக் கணக்கு போயிடும், உண்மைதான். ஆனா உறவு நிஜம்னு காட்டுறது போகாது, 2024 ஏப்ரல்ல 29,000 பவுண்டா ஏத்தின குறைஞ்சபட்ச வருஷ வருமான வரம்பும் ரெண்டு வழிக்கும் ஒண்ணுதான், அதுவும் இங்கயே பண்ணணும்னா 28 நாள் நோட்டீஸ், வெளிநாட்டுக்காரங்களுக்கு அது 70 நாள் வரைக்கும் நீளலாம். ரெண்டு வருஷம் முடியறதுக்குள்ள விசா தீரப் போகுதுன்னா கல்யாணம் சரியான வழி. ஏற்கெனவே ரெண்டு வருஷப் பேப்பர் கையில இருக்குன்னா, ஒரு விசா ஃபார்முக்காக வாழ்க்கையோட இவ்வளவு பெரிய முடிவை அவசரமா எடுக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல, அதை யாரும் உங்க மேல திணிக்க விடாதீங்க.

கடைசியா ஃபைல் அடுக்குறது. ஒரு ஏ4 தாள்ல 24 மாசத்தையும் வரிசையா எழுதி, எந்த மாசத்துக்கு அவர் பேப்பர், எந்த மாசத்துக்கு உங்க பேப்பர்னு டிக் போடுங்க. சராசரியா நாலு மாசத்துக்கு ஒண்ணாவது விழணும், கடைசி மூணு மாசத்துல பத்தும் முதல் வருஷத்துல ஒண்ணும் இல்லாம இருந்தா அது பலவீனம். ஓட்டை தெரியற மாசத்துக்கு பேங்க்லயோ ஜிபி-லயோ பழைய கடிதம் இருக்கான்னு தேடுங்க, ஆப்ல பழைய ஸ்டேட்மென்ட் பெரும்பாலும் கிடைக்கும். அப்படியே முன்னாடி போட்ட விசா அப்ளிகேஷனையும் எடுத்துப் பாருங்க, அதுல என்ன அட்ரஸ் போட்டீங்க, "சிங்கிள்"னு டிக் பண்ணீங்களான்னு. அது ஹோம் ஆபீஸ்கிட்ட அப்படியே இருக்கும், முரண்பட்டா கவர் லெட்டர்ல நீங்களே முதல்ல சொல்லிடணும். பிரிட்டன் உள்ளேயே இருந்து அப்ளை பண்றவங்களுக்கு ரெண்டரை வருஷத்துக்கு ஹெல்த் சர்சார்ஜ் (என்ஹெச்எஸ்-க்காக விசாவோட கட்டுற தொகை) மட்டுமே 2,587.50 பவுண்ட். ரிஜெக்ட் ஆனா அது திரும்ப வரும், அப்ளிகேஷன் ஃபீஸ் வராது.