வயநாட்டுத் தங்கச் சுரங்கப் பங்குப் பத்திரம் என்று சொல்லி 18,500 ரூபாயைச் சுருட்டிவிட்டான்

பழைய சுரங்கக் கம்பெனிப் பங்குப் பத்திரம் சேர்ப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள். பார்சல் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. 18,500 ரூபாய்!

வாங்கியது 1880-இல் லண்டனில் பதிவான ஒரு வயநாட்டுத் தங்கக் கம்பெனியின் பத்திரம். கேரளத்து வயநாடு இல்லை, நம் கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கம். அதைத்தான் அன்றைக்குத் தென்கிழக்கு வயநாடு என்றார்கள். 1877-இல்தான் மலபாரிலிருந்து பிரித்து நீலகிரியோடு சேர்த்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சுரங்க நிபுணர் பிரஃப் ஸ்மித், இங்கே தங்கம் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்ததும் லண்டனில் பங்கு வாங்க முண்டியடித்தார்கள். சில வருடத்திலேயே எல்லாம் படுத்துவிட்டது. கோலார் பத்திரமாவது அவ்வப்போது கண்ணில் படும், வயநாட்டுப் பத்திரம் கிடைப்பது அபூர்வம். அதற்குத்தான் அந்த விலை.

பழம்பொருள் விற்கும் ஒரு செயலியில் பார்த்தேன். போன் செய்தால் ஆள் அவ்வளவு பணிவு. "எங்க தாத்தா எஸ்டேட்ல கணக்கப்பிள்ளை சார், இது அவர் டிரங்குப் பெட்டியில கிடந்தது" என்றான். நான் கேட்காமலே தேயிலைக் காட்டுக்குள் இருக்கும் பழைய சுரங்கக் குழிகளைப் பற்றிப் பேசினான். படத்தில் பத்திரத்தின் ஓரம் கரையான் அரித்திருந்தது. அதைப் பார்த்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? "செயலி வழியா போனா கமிஷன் போயிடும், நேரா ஜிபே பண்ணுங்க, ஆயிரம் குறைச்சுக்கறேன்" என்றான். 19,500 சொன்னது 18,500 ஆனது.

உறையைப் பிரித்துத் தடவிப் பார்க்கிறேன், வழவழவென்று இருக்கிறது. கரையான் ஓட்டையே இல்லை. ஓட்டையையும் சேர்த்து அச்சடித்திருக்கிறான்! கம்பெனி முத்திரை அழுத்திப் பதித்ததாக இருக்க வேண்டும், துளியும் மேடாக இல்லை. நகைக்கடைக்காரர் வைத்திருப்பாரே, அந்த லென்ஸை வைத்துப் பார்த்தால் டைரக்டர் கையெழுத்து முழுக்கச் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாய்ப் பொடிப்பொடிப் புள்ளி. பேனா மையில் அப்படி வராது, கலர் பிரிண்டரில்தான் வரும். யூவி டார்ச் அடித்தால் தாள் நீலமாக ஒளிர்கிறது. 1880-இல் அப்படி ஒரு தாளே கிடையாது.

போன் செய்தேன். முதலில் "பழைய பேப்பர் அப்படித்தான் சார் இருக்கும்". அப்புறம் "கூரியர்காரன் மாத்தியிருப்பான்". அப்புறம் "தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில இருக்கேன்". டிரங்குப் பெட்டியை விட்டுப்போன தாத்தா அதற்குள் உயிரோடு வந்துவிட்டார். அதன்பின் நம்பரையே பிளாக் செய்துவிட்டான். செயலியின் வாடிக்கையாளர் சேவையோ, "வெளியே பணம் கொடுத்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. அவன் கணக்கை மட்டும் முடக்கவில்லை. அதே பத்திரம், அதே கரையான் ஓரம், இன்னும் விற்பனையில் இருக்கிறது.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் செய்து சொல்லியாயிற்று. 18,500 திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. பின்பக்கத்தையும் படம் கேளுங்கள். முத்திரை மேல் சாய்வாக டார்ச் அடித்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். கமிஷன் போனால் போகட்டும், செயலிக்கு வெளியே ஒரு பைசா அனுப்பாதீர்கள்.