ரத்தக்காட்டேரியும் சண்டையும்: பிளேட் 2-ஆ, அண்டர்வேர்ல்டா?

ரத்தக்காட்டேரிப் படத்தில் சண்டை கூடக் கூட பயம் குறைந்துவிடும். நாயகன் ஒரே வீச்சில் பத்துப் பேரைச் சாம்பலாக்கிவிட்டால், பதினோராவது ஆளைப் பார்த்து நாம் எதற்கு நடுங்க வேண்டும்? 1998-இல் வந்த முதல் 'பிளேட்' படத்துக்கே இந்தச் சிக்கல் உண்டு. தொடக்கக் காட்சி இன்றும் மிரட்டல்: நடனக்கூடத்துக் கூரையிலிருந்து தண்ணீருக்குப் பதில் ரத்தம் கொட்டும், காட்டேரி வேட்டைக்காரன் பிளேடாக வெஸ்லி ஸ்னைப்ஸ் உள்ளே வந்ததும் அத்தனை காட்டேரிகளும் பின்வாங்கும். ஆனால் அவரைப் பார்த்து அவர்களே பயந்த பிறகு நமக்குப் பயப்பட என்ன மிச்சம்?

கியெர்மோ டெல் டோரோ இயக்கிய 'பிளேட் 2' (2002) இந்த முடிச்சை அழகாக அவிழ்க்கிறது. காட்டேரிகளையே தின்னும் ரீப்பர் என்ற புது இனம் வருகிறது. தாடை இரண்டாகப் பிளக்கும். வெள்ளியும் பூண்டும் வேலைக்கு ஆகாது, வெளிச்சம் மட்டும்தான். பிளேடைக் கொல்லவே பயிற்சி எடுத்த கும்பல் இப்போது அவனோடு கூட்டுச் சேர வேண்டிய நிலை. சாக்கடைச் சுரங்கத்தில் அவர்கள் ஒவ்வொருவராகக் காலியாகும்போது, அட, இவர்களுக்காகவா பதறுகிறோம் என்று நமக்கே ஆச்சரியமாக இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. ஆரம்பத்து வாள்சண்டையில் ஆட்கள் சட்டென்று கணினி பொம்மைகளாகி ரப்பர் போலத் துள்ளுவது அப்பட்டமாகத் தெரிகிறது. ஹாங்காங் சண்டைப்பட நாயகன் டோனி யென்னை வைத்துக்கொண்டு அவருக்குச் சரியாக ஒரு சண்டைகூடத் தராததை என்னால் மன்னிக்க முடியவில்லை. முதல் படத்தில் செத்துப்போன, பிளேடின் குருவான விஸ்லரைத் திரும்பக் கொண்டுவர அவர்கள் சொல்லும் காரணமும் சும்மா ஒப்புக்குத்தான்.

லென் வைஸ்மனின் 'அண்டர்வேர்ல்ட்' (2003) 'பிளேட் 2'-இன் செலவில் பாதிக்கும் குறைவாக, சுமார் 2.2 கோடி டாலரில் எடுக்கப்பட்டது. புடாபெஸ்ட் தெருக்கள், நீலம் பூசிய இரவு, தோல் உடையில் கேட் பெக்கின்சேல்: தோற்றத்தில் குறை சொல்ல முடியாது. தன்னைச் சுற்றித் தரையை வட்டமாகச் சுட்டுக் கீழ்த்தளத்துக்கு இறங்குவாரே, அது ஒன்றே போதும். ஆனால் காட்டேரிக்கும் ஓநாய்மனிதனுக்கும் நடக்கும் யுத்தம் முழுக்கத் துப்பாக்கிதான். கோரைப்பற்களைக் கழற்றிவிட்டால் இரண்டு ரவுடி கோஷ்டிகளின் தகராறு, அவ்வளவே. யாரும் யாரையும் கடிப்பதுகூட அபூர்வம்.

அதன் பலம் சண்டையில் இல்லை, குடும்பக் கதையில் இருக்கிறது. எதிரி இனத்தவனைக் காதலித்த மகளைக் கொன்ற காட்டேரித் தலைவன் விக்டராக பில் நைகி வந்ததும் படத்துக்கு உயிர் வருகிறது. மைக்கேல் ஷீன் நடித்த ஓநாய்மனிதர் தலைவன் லூசியன் பக்கம்தான் நியாயம் என்று மெல்லப் புரியும் இடமும் அருமை. கதைக்காகப் பார்ப்பவர் இதைத் தேர்ந்தெடுத்தால் தப்பில்லை.

என் ஓட்டு 'பிளேட் 2'-க்கு. அதே ஜோரில் 2004-இல் வந்த மூன்றாம் பாகத்தையும் போட்டுவிடாதீர்கள். டிராகுலாவையே எழுப்பிக் கொண்டுவந்து, அவரையும் கடைசியில் வாள் வீசும் இன்னொரு அடியாளாக்கி விட்டார்கள்.