மூன்று முக்காலி, ஒரு தீவு: பினாங்கில் எதைத் தூக்கிப் போவது?

கேமரா முக்காலி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை கிலோ தாங்கும்?" என்றுதான். அந்த எண்ணை நம்பி வாங்கக் கூடாது என்பது என் கட்சி. மூன்று மாடல்களை எடுத்துக்கொள்வோம். மன்ஃப்ரோட்டோ பிஃப்ரீ அட்வான்ஸ்டு (அலுமினியம்) 8 கிலோ தாங்கும். பீக் டிசைன் டிராவல் ட்ரைபாட் 9.1 கிலோ. மன்ஃப்ரோட்டோ 055 வரிசையில் மூன்றடுக்குக் கால் (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மூன்று குழாய்) உள்ள அலுமினிய மாடல் 9 கிலோ. பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்தால் மூன்றும் ஒரே குலம். ஜெலுத்தோங் கரையில் கடற்காற்றில் நிறுத்திப் பினாங்குப் பாலத்தை 30 விநாடி லாங் எக்ஸ்போஷர் (ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து எடுப்பது) எடுத்துப் பாருங்கள், 055 மட்டும் ஆடாமல் தனியாகத் தெரியும்.

காரணம் எளிது. தாங்கும் எடையை அளக்க எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட ஒரே முறை கிடையாது. அதுவும் பாரத்தில் கால் நழுவுமா, கேமராவைப் பிடித்திருக்கும் தலை சாயுமா என்பதைத்தான் சொல்கிறது. படத்துக்கு வேண்டியது ஆடாமை. அது குழாயின் விட்டத்தில் இருக்கிறது. குழாயின் சுவர்த் தடிமன் மாறாமல் விட்டம் மட்டும் இரட்டித்தால், வளைவை எதிர்க்கும் திறன் ஏறத்தாழ எட்டு மடங்காகும். 055-க்குக் காலில் மூன்று அடுக்கு, பிஃப்ரீக்கு நான்கு, பீக் டிசைனுக்கு ஐந்து. அடுக்கு கூடக் கூடக் கடைசிக் குழாய் மெலிந்துகொண்டே போகும். பயண முக்காலிகள் இரண்டும் சுமார் 40 சென்டிமீட்டருக்கு மடங்குகின்றன என்றால், இந்த மெலிவைக் கொடுத்துத்தான் அந்த வசதியை வாங்குகிறோம்.

உயரத்திலும் கவனம் வேண்டும். பிஃப்ரீ 150 சென்டிமீட்டர், பீக் டிசைன் 152 என்பதெல்லாம் நடுத்தண்டை முழுக்க உயர்த்திய கணக்கு. தண்டை ஏற்றிவிட்டால் முக்காலியின் தலையில் ஒற்றைக்காலி ஒன்றை நட்டு வைத்தது போலத்தான். தண்டை இறக்கிப் பார்த்தால் இரண்டும் சுமார் 130 சென்டிமீட்டர். உங்கள் முக்காலியின் உயரம் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையைச் சாய்த்துப் பார்க்கும் கேமரா என்றால் அந்த உயரம் தாராளம்.

அப்படியானால் 055-ஐயே வாங்கிவிடலாமே? தலை இல்லாமலேயே 2.5 கிலோ, மடக்கினால் 61 சென்டிமீட்டர். ஏர் ஏசியாவில் கைப்பை 7 கிலோ, நீளம் 56 சென்டிமீட்டர்தான். தெலுக் பாஹாங் தேசியப் பூங்காவில் கெராச்சுட் கடற்கரை வரை காட்டுப்பாதையில் ஏறி இறங்க வேண்டுமென்றால், தலையோடு சேர்த்து மூன்று கிலோவைத் தாண்டும் சுமையைப் பாதி வழியிலேயே வெறுத்துவிடுவீர்கள். எங்கள் புகைப்படக் குழுவில் ஓர் அண்ணன் 055-ஐக் காரின் பின்புறத்திலேயே நிரந்தரமாக வைத்திருக்கிறார். பறவைகளுக்கு 600 மில்லிமீட்டர் லென்ஸ் போடுகிறவர், காரிலிருந்து பத்தடி நடந்து எடுக்கிறவர். அவருக்கு அதுதான் சரி.

மற்றவர்களுக்குப் போட்டி பிஃப்ரீக்கும் பீக் டிசைனுக்கும்தான். பீக் டிசைனின் அழகு வேகம். ஒரு காலின் ஃபிளிப் லாக்குகளை (நெம்பித் திறக்கும் பூட்டுகளை) ஒரே பிடியில் தட்டி இழுத்தால் கால் நீண்டுவிடும். பிஃப்ரீயின் கால்கள் தலையைச் சுற்றி மேல்நோக்கி மடங்குபவை, ஒவ்வொரு முறையும் திருப்பி இறக்க வேண்டும். கொடிமலையில் மேகம் விலகி ஜார்ஜ்டவுன் தெரிகிற நேரத்தில் இந்த வித்தியாசம் உறைக்கும். ஆனால் பீக் டிசைனில் தண்டை அடியோடு இறக்கி வைத்தால் பால் ஹெட்டை (பந்து மூட்டில் எந்தப் பக்கமும் சாயும் தலையை) தாராளமாகச் சாய்க்க முடியாது, கொஞ்சமாவது ஏற்ற வேண்டும். விலையும் அதிகம். அந்த வேகத்துக்கு இவ்வளவு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிஃப்ரீயில் ட்விஸ்ட் லாக் (திருகிப் பூட்டுவது), ஃபிளிப் லாக் இரண்டும் கிடைக்கின்றன. பத்து பெரிங்கி மணலில் நிறுத்துகிறவர் ஃபிளிப் லாக்கையே எடுங்கள். ட்விஸ்ட் லாக்கின் புரிக்குள் மணல் போனால் திருகும்போது கரகரவென்று கையில் தெரியும். அந்த நிலையில் மேலும் திருகினால் புரி தேயும். எந்த லாக் ஆனாலும் கடலில் கால் நனைந்தால் வீட்டுக்கு வந்ததும் குழாய்களை முழுக்க இழுத்துவிட்டு நல்ல தண்ணீரில் கழுவி, மடக்காமல் காயவிடுங்கள். உப்போடு மடக்கி வைத்தால் திருகாணிகளைச் சுற்றி அலுமினியம் வெள்ளையாகப் பூத்துவிடும்.

கார்பன் இழையா அலுமினியமா? பீக் டிசைனில் கார்பன் சுமார் 1.3 கிலோ, அலுமினியம் 1.56. வித்தியாசம் 300 கிராமுக்குள். கார்பன் அதிர்வைச் சீக்கிரம் அடக்கும், உப்பில் அரிக்காது. ஆனால் அதன் உலோகப் பூட்டுகள் அரிக்கும். குளிரில் கை விறைக்காது என்று மற்ற நாட்டவர் சொல்லும் காரணம் நமக்குப் பொருந்தாது. மின்னலுக்கு இரண்டுமே ஆபத்து, கார்பனும் மின்சாரம் கடத்தும். மாலை இடி கேட்டால் மடக்கிவிடுங்கள்.

முக்காலி வேண்டாத இடங்களும் உண்டு. கடல்மேல் கட்டிய ச்சியூ ஜெட்டியின் பலகைமேல் ஒருவர் நடந்தாலே மூன்று காலும் சேர்ந்து அதிரும். 055-ம் அங்கே தோற்கும். நடமாட்டம் ஓயும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றிக் கையிலேயே எடுக்கலாம். தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் பக்கம் முக்காலியை விரிக்கவே விரிக்காதீர்கள். காவடி எடுத்து வருகிறவர் காலில் அது இடறக் கூடாது. கெக் லோக் சி புத்தக் கோயிலின் சீனப் புத்தாண்டு விளக்குகளுக்குச் சுவர்மேல் வைக்கும் கொரில்லாபாட் (கால் வளையும் குட்டி முக்காலி) போதும், கேமரா சிறியதாக இருந்தால்.

என் தேர்வு நான்கடுக்கு அலுமினியப் பயண முக்காலி, ஃபிளிப் லாக், கேமராவின் அடியில் மாட்டும் ஆர்க்கா தட்டு பொருந்தும் பால் ஹெட். அடிக்கடி விமானம் ஏறுகிறவர் கார்பனுக்குப் போகலாம். கடையில் பார்க்கும்போது உங்கள் கேமராவையும் நீளமான லென்ஸையும் கொண்டு போங்கள். தண்டை இறக்கி, கால்களை முழுக்க நீட்டி, திரையில் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு ஒரு காலை விரலால் தட்டுங்கள். படத்தின் அசைவு நிற்க எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். அப்புறம் பக்கத்தில் உள்ள மாடலிலும் அதையே செய்யுங்கள். இரண்டு விநாடிக்குள் நின்றால், பொத்தானை அழுத்தி இரண்டு விநாடி கழித்துப் படம் எடுக்கும் கேமரா டைமரோடு அது நன்றாக ஓடும்.