குழந்தை கை கால் வார்ப்பு கிட்: டப்பாவின் படத்தை விடுங்கள், பொடியின் எடையைப் பாருங்கள்

முதல் பிறந்தநாளுக்கோ குடும்ப விசேஷத்துக்கோ பரிசாகக் கொடுக்க, பிஞ்சுக் கையையும் காலையும் அச்சு அசலாக வார்த்தெடுக்கும் த்ரீ டி வார்ப்பு கிட்டுகளை இப்போது நிறையப் பேர் வாங்குகிறார்கள். டப்பாவின் மேல் அப்பா கை, அம்மா கை, நடுவில் குழந்தையின் முஷ்டி என்று தங்க நிறத்தில் மின்னும். உள்ளே இருக்கும் பொடியை வைத்து அந்தப் படத்தில் பாதியைக்கூட எடுக்க முடியாத கிட்டுகள் பல. வார்ப்பு சொதப்பினால் "நமக்குக் கைவேலை வராது" என்று வாங்கியவர் தன்னையே நொந்துகொள்கிறார். பெரும்பாலும் கோளாறு அவரிடம் இல்லை. பொடி போதாது, அல்லது வார்ப்புப் பொடி மட்டரகம்.

கிட்டில் முக்கியமானவை இரண்டு பொடிகள்தான். ஒன்று அல்ஜினேட். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. பல் மருத்துவர்கள் வாய்க்குள் வைத்து அளவெடுக்கப் பயன்படுத்தும் அதே பொருள். தண்ணீரில் கலந்தால் சில நிமிடங்களில் ரப்பர் மாதிரி இறுகும். கையை உருவியதும் உள்ளே கையின் வடிவத்தில் குழி நிற்கும். அந்தக் குழியில் ஊற்றுவது இரண்டாவது பொடி. மலிவான கிட்டில் இது சாதா பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். நல்ல கிட்டில் டென்டல் ஸ்டோன் எனப்படும் கெட்டி ரகம். இரண்டுமே ஜிப்சம்தான். ஆனால் சாதா பிளாஸ்டரின் 100 கிராமுக்கு 60 மி.லி. தண்ணீருக்கு மேல் வேண்டும். ஸ்டோனுக்கு 30 மி.லி. போதும். அதிகப்படித் தண்ணீர் காய்ந்து வெளியேறும் இடமெல்லாம் நுண்துளையாகிவிடும் என்பதால் சாதா பிளாஸ்டரில் வார்த்த விரல் எளிதில் ஒடியும். குழந்தையின் சுண்டுவிரல் எவ்வளவு மெல்லியது என்று யோசித்தால், எந்தப் பொடி இருக்கும் கிட்டை வாங்குவது என்பதில் சந்தேகமே வராது. டப்பாவில் 'காஸ்டிங் பவுடர்' என்று மட்டும் போட்டிருந்தால் தண்ணீர் அளவைப் பாருங்கள். பொடியின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர் கேட்டால் அது ஸ்டோன் இல்லை.

இரண்டு பொடியும் ஒரே மாதிரி வெள்ளைப் பையில், ஓரத்தில் பொடி எழுத்தில் பெயர் போட்டு வருகிற கிட்டுகள் உண்டு. மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க முடியாது. அல்ஜினேட் இறுகும்போது சுடாது; பிளாஸ்டர் (இனி இங்கே பிளாஸ்டர் என்றால் ஸ்டோனும் சேர்த்துத்தான்) இறுகும்போது நன்றாகச் சூடேறும், கையைச் சுற்றிப் பிடித்தும் கொள்ளும். 2007இல் பிரிட்டனில் ஒரு பள்ளி மாணவி ஓவிய வகுப்பில் கைகளை நேராகப் பிளாஸ்டருக்குள் விட்டு, தீக்காயத்தில் பெரும்பாலான விரல்களை இழந்தார். குழந்தையின் தோலுக்கும் பிளாஸ்டருக்கும் எந்தக் கட்டத்திலும் சம்பந்தமே இருக்கக் கூடாது. கிட் வந்ததும் முதல் வேலையாகப் பிளாஸ்டர் பையின் மேல் மார்க்கரால் பெரிதாக எழுதி வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

அடுத்தது அளவு. 'ஒரு குடும்பத்துக்குப் போதும்' என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். வாளியில் குழந்தையோடு சேர்த்துக் கைகளைக் கோத்து, வார்ப்புக்குப் பிடிப்பதுபோல ஒருமுறை வெறுமனே நிறுத்திப் பாருங்கள். மணிக்கட்டுக்கு மேல் மூன்று விரற்கடை உயரம் வரும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஒரு கோடு. கைகளை வெளியே எடுத்துவிட்டு வாளியில் மிஞ்சும் தண்ணீரை அளந்தால், அதுதான் தேவைப்படும் அல்ஜினேட் கலவையின் அளவு. அதில் 85 முதல் 90 சதவீதம் தண்ணீர், மீதி பொடியின் பங்கு. பிராண்டைப் பொறுத்து பொடியின் எடையைப்போல் மூன்று முதல் நாலரை மடங்கு தண்ணீர் கேட்கும். ஆக, 2 லிட்டர் தண்ணீர் வேண்டிய வாளிக்குக் குறைந்தது 450 கிராம், கெட்டி ரகமானால் 670 கிராம் வரை பொடி வேண்டும். கிட்டில் 300 கிராம்தான் என்றால் குறுகலான பாத்திரத்துக்கு மாறலாம், அல்லது குழந்தையின் கையை மட்டும் எடுக்கலாம். தண்ணீரைக் கூட்டிச் சமாளிக்கப் பார்த்தால் அச்சு கிழியும்.

வார்ப்புப் பொடிக்கும் இதே கணக்குதான். கோட்டுக்கும் மிஞ்சிய தண்ணீரின் மட்டத்துக்கும் இடைப்பட்டது கைகளின் கொள்ளளவு. அதில் ஒவ்வொரு 100 மி.லி.க்கும் ஸ்டோன் சுமார் 150 கிராம், சாதா பிளாஸ்டர் சுமார் 100 கிராம் என்று வைத்துக்கொண்டு, சிந்துவதற்கென்று கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். பெரியவர் கை ஒன்று மணிக்கட்டு வரை தோராயமாக 350 முதல் 500 மி.லி. இடம் பிடிக்கும். இரண்டு பெரியவர் கைக்கு ஒரு கிலோவுக்கும் குறைவான ஸ்டோன் தருகிற கிட், பாதிக் கையோடு நின்றுவிடும்.

நிறம் மாறும் அல்ஜினேட் வைக்கும் கிட்டுக்கு ஒரு மதிப்பெண் கூடக் கொடுக்கலாம். கலக்கும்போது ஒரு நிறம், கையை விட வேண்டிய நேரத்தில் வேறு நிறம் என்று அதுவே நேரம் சொல்லும். ஒரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு கடிகாரம் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. தூசி பறக்காத ரகம் என்றால் இன்னும் நல்லது. சில அல்ஜினேட்டுகளில் சிலிக்கா கலந்த நிரப்பிப் பொடி இருக்கும், மூச்சில் போகக் கூடாது. எந்த ரகமானாலும் குழந்தை இருக்கும் அறையில் பையைப் பிரிக்காதீர்கள்.

கிட்டோடு வரும் செய்முறைத் தாள்களில் தண்ணீரின் வெப்பம் பற்றி 'அறை வெப்பம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். சரியாகச் சொன்னால் 20 முதல் 23 டிகிரி செல்சியஸ். தண்ணீர் சூடாக இருந்தால் சீக்கிரம் இறுகும். கலக்கி முடிப்பதற்குள் வாளியிலேயே கட்டியாகிவிடும். உப்புத் தண்ணீர், கடினத் தண்ணீர் இரண்டிலும் இருக்கும் கால்சியமும் இதே வேலையைச் செய்யும். வடிகட்டிய குடிநீர் உத்தமம். கைக்குழந்தைக்குச் சில்லென்று பட்டால் உடனே கையை இழுத்துக்கொள்ளும் என்பதால் ஒருவருக்கு மட்டும் எடுக்கும்போது 25, 26 டிகிரி வரை போகலாம். ஆனால் கலக்குவது 40 நொடிக்குள் முடிய வேண்டும். தண்ணீரில் பொடியை ஒரேயடியாகக் கொட்டி, கை விஸ்கால் பாத்திரத்தின் சுவரோடு அழுத்தி அழுத்திக் கலக்குங்கள். கெட்டித் தயிர்ப் பதம் வந்தால் போதும், நாலைந்து சின்னக் கட்டி இருந்தாலும் விட்டுவிடலாம். கட்டியே இருக்கக் கூடாது என்று கலக்கிக்கொண்டே இருப்பவர்களுக்குத்தான் கை வைப்பதற்குள் கலவை இறுகிப்போகிறது.

எந்த வயதில் எடுப்பது என்பதைப் பற்றி டப்பாவில் ஒரு வரிகூட இருக்காது. பிறந்த குழந்தைக்கு உள்ளங்கையில் எது பட்டாலும் இறுகப் பற்றும் அனிச்சைச் செயல் உண்டு. ஐந்தாறு மாதம் வரை நீடிக்கும். அதுவரை விரித்த கையை எடுக்க நினைப்பது வீண் போராட்டம், முஷ்டியாக எடுப்பதுதான் அழகு. கால் எப்போதுமே கையைவிடச் சுலபம். பால் குடித்துவிட்டு ஆழ்ந்து தூங்கும்போது கை தளர்ந்திருக்கும், அந்த நேரத்தைப் பிடியுங்கள். குழந்தையைப் பாத்திரத்திடம் கொண்டுபோக வேண்டாம். பாதத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஜிப் பையிலோ காகிதக் கோப்பையிலோ கலவையை ஊற்றி, அதைக் குழந்தையிடம் கொண்டுபோங்கள். ஒருவர் கலவைக்கு, ஒருவர் குழந்தைக்கு என்று இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். ஒரு முஷ்டிக்கு 100 கிராம், ஒரு பாதத்துக்கு 150 முதல் 200 கிராம் அல்ஜினேட் போதும். முதல்முறை கையை உதறிவிட்டால் மறுபடி எடுக்க இன்னொரு பங்கு மிஞ்ச வேண்டும். இதை யோசித்து இரண்டு தனித்தனிப் பையாகப் பொடியைப் பிரித்துத் தரும் கிட், அதைச் செய்தவருக்குக் குழந்தைகளைத் தெரியும் என்பதற்கு அடையாளம். தோலில் சிரங்கு, வெடிப்பு, காயம் இருந்தால் ஆறும்வரை தள்ளிப்போடுங்கள்.

கையை விடுவதற்கு முன் கலவையைக் கொஞ்சம் எடுத்து விரல் இடுக்குகளிலும் உள்ளங்கை ரேகையிலும் தடவிவிட வேண்டும். தடவாமல் முக்கினால் தோலோடு காற்றுக் குமிழி ஒட்டிக்கொள்ளும். அந்தக் குமிழியில் பிளாஸ்டர் புகுந்து, வார்ப்பின் மேல் மரு மாதிரி உருண்டை உருண்டையாக நிற்கும். விரல் நுனி பாத்திரத்தின் அடியில் முட்டினால் அச்சில் ஓட்டை விழுந்து பிளாஸ்டர் ஒழுகிவிடும். பெரியவர்கள் கையில் முடி இருந்தால் கொஞ்சம் வாசலின் தடவினால் உருவும்போது வலிக்காது. குழந்தைக்கு எண்ணெய் எதுவும் வேண்டாம். அந்த மெல்லிய தோல் ரேகைக்காகத்தானே இத்தனை பாடும். இறுகியதும் வெடுக்கென்று இழுக்காமல் விரல்களை லேசாக அசைத்து, காற்று உள்ளே போனபின் உருவுங்கள்.

அச்சைக் காத்திருக்க வைக்கக் கூடாது. அல்ஜினேட்டிலிருந்து தண்ணீர் கசிந்து வெளியேறிக்கொண்டே இருக்கும், அச்சு சுருங்கிக்கொண்டே போகும். அரை மணிக்குள் வார்த்துவிட வேண்டும். முதலில் அடியில் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துவிடுங்கள். பிளாஸ்டரை முதலில் இரண்டு மேசைக்கரண்டி அளவு மட்டும் ஊற்றி, பாத்திரத்தைச் சாய்த்துச் சுழற்றி, ஒவ்வொரு விரல் குழிக்குள்ளும் ஓட விட்டு, அடியைத் தட்டுங்கள். அதன் பிறகே மீதி. ஒரே மூச்சில் ஊற்றினால் விரல் நுனியில் காற்று அடைபட்டு, நகமே இல்லாத விரல் வரும். கிட் மோசம் என்று வருகிற புகார்களில் ஒரு பெரிய பங்கு உண்மையில் இந்த இடத்துக் கோளாறு.

பிரித்தெடுப்பதில் பொறுமை வேண்டும், ஆனால் அளவோடு. ஸ்டோன் என்றால் ஒரு மணி நேரம், சாதா பிளாஸ்டர் என்றால் மூன்று நான்கு மணி நேரம். ஒரு நாள் முழுக்க விட்டால் அல்ஜினேட் காய்ந்து சுருங்கி விரல்களை நெரிக்கும். கிட்டில் வரும் மரக்குச்சி போதும், கத்தி வேண்டாம். விரல் பக்கம் கடைசியில் போங்கள். ஒடிந்தாலும் பதற வேண்டியதில்லை. துண்டை எடுத்து வைத்து, இரண்டும் நன்றாகக் காய்ந்தபின் இன்ஸ்டன்ட் பசையால் ஒட்டினால் கோடு தெரியாது. மருக்களை ஊசி முனையால் நெம்பினால் உதிரும். குழிகளை, அந்த இடத்தை முதலில் நனைத்துக்கொண்டு, நீர்த்த பிளாஸ்டரால் அடைக்கலாம். காய்ந்த இடத்தில் அடைத்தால் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உதிர்ந்துவிடும்.

'24 மணி நேரத்தில் பெயின்ட் அடிக்கலாம்' என்று எழுதியிருக்கும் தாளைக் கிழித்துப் போடலாம். குழந்தையின் கை காயவே ஐந்து முதல் ஏழு நாள் ஆகும், பெரிய குடும்ப வார்ப்புக்கு இரண்டிலிருந்து நான்கு வாரம். தொட்டுப் பார்த்தால் தெரியாது, தராசில் தினமும் வைத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. ஈரத்தோடு பூசினால் பெயின்ட் செதில் செதிலாக உரியும், உள்ளே பூஞ்சை பிடிக்கும். அவசரத்துக்கு ஓவனில் வைப்பதானால் 45 டிகிரியைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் போனால் ஜிப்சம் தன்னுள் கட்டுண்ட நீரையும் இழந்து மாவாகத் தொடங்கும். கிட்டோடு வரும் தங்கப் பெயின்ட் பெரும்பாலும் நீர்த்தது, சின்னச் சீசாவில் ஒரு பூச்சுக்குத்தான் வரும். பளபளப்பு எல்லாக் குறைகளையும் வெளிச்சம் போட்டுக் காட்டும். மேட் வெள்ளை அக்ரிலிக் மெல்லியதாக இரண்டு கோட்டிங் அடித்தால் ரேகை நிற்கும், பிசிறு மறையும்.

ஃபிரேமோடு வரும் கிட்டில் ஃபிரேமின் உள் ஆழத்தைக் கேளுங்கள். மூன்று சென்டிமீட்டர் என்றால் முஷ்டி உள்ளே வைத்துக் கண்ணாடியை மூட முடியாது, ஐந்துக்குக் குறையக் கூடாது. டபுள் டேப்பையும் ஹாட் க்ளூவையும் நம்பி மாட்டினால் ஒருநாள் வார்ப்பு கண்ணாடி மேல் விழும், ஏனெனில் அவை பிடிப்பது மேலே இருக்கும் பொடித் தூசியைத்தான். பின்புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, தூசியைத் துடைத்து, எபாக்சி பசை போடுங்கள். வார்க்கும்போதே மணிக்கட்டுப் பக்கம் ஒரு கம்பி வளையம் புதைத்துவிட்டால் இன்னும் உறுதி. பெயர் ஸ்டிக்கர், ரிப்பன், எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றுக்காக விலை கூட்டியிருந்தால் அதைத் தவிர்த்து, பொடி கூட இருக்கும் கிட்டை எடுங்கள்.

களிமண்ணில் பதிக்கும் கிட்டும், மை ஒட்டாமல் தாளில் பதிக்கும் கிட்டும் பக்கத்திலேயே விற்கும். காற்றில் காயும் களிமண் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குக் குறைந்தால் ஓரம் சுருளும். நாளுக்கு இரண்டு முறை திருப்பிப் போடாவிட்டால் வெடிக்கும். தாள் கிட்டில் ரசாயனம் பூசிய பக்கத்தில் மட்டும்தான் தடம் விழும், மாற்றி வைத்தால் வெறும் தாள். பச்சிளம் குழந்தையின் பாதத்துக்கு இதுவே போதும் என்பவர்களோடு சண்டைக்குப் போக முடியாது. நேரம் ஐந்து நிமிடம், குப்பை இல்லை.

வார்ப்பு கிட்டில் குப்பை உண்டு. மிஞ்சிய கலவை, பாத்திரம் கழுவிய தண்ணீர் எதையும் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள்ளேயே இறுகும். பாத்திரத்திலேயே இறுக விட்டு உதிர்த்துக் குப்பையில் போடுங்கள். இரண்டாவது முறை எடுப்பவர்களுக்குக் கிட்டே தேவையில்லை, பல் மருத்துவப் பொருள்கள் விற்கும் இடத்தில் அல்ஜினேட்டும் ஸ்டோனும் தனித்தனியே கிடைக்கும். அங்கே வேக ரகம், சாதா ரகம் என்று இரண்டு உண்டு: வேக ரகம் ஒன்று முதல் இரண்டு நிமிடத்தில் இறுகும், சாதா ரகம் இரண்டு முதல் நாலரை நிமிடம் எடுக்கும். தூங்கும் குழந்தையின் ஒற்றை முஷ்டிக்கு வேக ரகம், கை கோத்த குடும்பத்துக்குச் சாதா ரகம். பையைத் திறந்தால் பொடி ஈரத்தை இழுக்கும் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.