மீட்டியோர் 350-ஆ, பழைய ஹிமாலயன் 411-ஆ: பஞ்சர் தீர்த்து வைத்த வழக்கு

புது மீட்டியோர் 350 வாங்கலாமா, செகண்ட் ஹேண்டில் ஹிமாலயன் 411 எடுக்கலாமா என்று நானும் ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் வாங்கியது மீட்டியோர். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

ஊரறிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். இரண்டுமே ராயல் என்ஃபீல்டு பைக்குகள். 2016-இல் வந்த ஹிமாலயன் 411, 2023 இறுதியில் ஹிமாலயன் 450 வந்ததும் நின்றுவிட்டது. இனி பழையதுதான் கிடைக்கும். மீட்டியோர் 2020 நவம்பரில் வந்தது. இரண்டுக்கும் 15 லிட்டர் டேங்க். ஹிமாலயனுக்குச் சுமார் 24 குதிரைத்திறன், மீட்டியோருக்கு 20. எண்பது, தொண்ணூறில் நிதானமாகப் போகிறவருக்கு இரண்டும் போதும்; நாள் முழுக்க நூற்றுப்பத்தில் பறக்க நினைப்பவர் வேறு வண்டி பார்க்கட்டும். விலையில் பழைய ஹிமாலயன்தான் மலிவு. மிச்சப் பணத்தில் பெட்டி, டயர் எல்லாம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 2025 செப்டம்பரில் 350 சிசி வரைக்குமான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததில், 349 சிசி மீட்டியோரும் அவ்வளவு எட்டாத விலையில் இல்லை.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது இவை எதுவும் இல்லை. சக்கரம்தான்.

ஹிமாலயன் 411-இல் ஸ்போக் வீல், அதாவது கம்பி வைத்த சக்கரம், உள்ளே டியூப். ஸ்போக்கின் முனைகள் ரிம்மைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருவதால் காற்றை டியூப்தான் பிடித்து வைக்க வேண்டும். மீட்டியோரின் பெரும்பாலான மாடல்களில் கம்பி இல்லாத அலாய் வீல், டியூப்லெஸ் டயர். ஆணி ஏறினால் இரண்டும் நடந்துகொள்ளும் விதமே வேறு. டியூப்லெஸ் டயரின் ரப்பர் ஆணியைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காற்று மெல்லத்தான் இறங்கும், பல சமயம் அடுத்த ஊர் வரை ஓட்டிப் போய்விடலாம். டியூப் அப்படியில்லை. உப்பி இழுபட்ட நிலையில் இருப்பதால் சின்ன ஓட்டையும் கிழிசலாக விரியும், காற்று ஸ்போக் துளை வழியாகவும் வால்வு துளை வழியாகவும் மளமளவென்று போய்விடும். வேகத்தில் போகும்போது பின்சக்கரத்தில் இது நடந்தால் வண்டி ஆடுகிற ஆட்டம் இருக்கிறதே, அது அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

அப்புறம் சரிசெய்யும் வேலை. டியூப்லெஸ்ஸில் ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை ராவி, ரப்பர் ஸ்ட்ரிப்பைச் சொருகி, சின்ன பம்பில் காற்றடித்தால் கிளம்பிவிடலாம். சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். டியூப் என்றால் லக்கேஜை இறக்கு, சென்டர் ஸ்டாண்ட் போடு, ஆக்ஸிலைத் தளர்த்து, செயினைக் கழற்று, டயர் லிவர் போட்டு ஒரு பக்கம் நெம்பு, டியூபை உருவு, ஒட்டு, மறுபடி மாட்டு. மாட்டும்போது லிவர் டியூபைக் கடித்துவிட்டால் முதலிலிருந்து தொடங்கு. பஞ்சர் கடை பக்கத்தில் இருந்தால் அவர் பார்த்துக்கொள்வார். ஆனால் நாம் சுற்றப் போவதே கடை இல்லாத இடத்துக்குத்தானே? வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி இறங்கும் காட்டுச் சாலையில் செக்போஸ்ட்டில் நேரம் குறித்துத்தான் உள்ளே விடுவார்கள். நடுவில் நிறுத்தக்கூடாது என்பார்கள். யானை நடமாடும் இடத்தில் பின்சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார எனக்குத் தைரியம் இல்லை.

போன வருஷம் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது நண்பரின் ஹிமாலயன் பின்சக்கரம் பாதி மலையில் படுத்துவிட்டது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் எது என்று நினைவில்லை. பொள்ளாச்சியிலிருந்து ஆள் வரவழைத்து வண்டி எழுவதற்குள் அன்றைய பயணம் முடிந்துபோனது. என் மனசு மாறியது அங்கேதான்.

டியூப்லெஸ்ஸுக்கும் வம்பு உண்டு. டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் ஸ்ட்ரிப் நிற்காது. பெரிய பள்ளத்தில் அலாய் நெளிந்தால் காற்று கசியும். உடைந்தால் ரிம்மையே மாற்ற வேண்டியதுதான். ஸ்போக் வீல் அடியைத் தாங்கி வளைந்துகொடுக்கும், ஊருக்கு வந்து கோட்டம் எடுத்துக்கொள்ளலாம்.

பாதை மோசமாக இருந்தால் ஹிமாலயன் பக்கம்தான் நியாயம். தரையிலிருந்து அதன் உயரம் 220 மில்லிமீட்டர், மீட்டியோருக்கு 170. முன்சக்கரம் 21 இஞ்ச் என்பதால் கல்லையும் குழியையும் கண்டுகொள்ளாமல் ஏறிப் போகும். கால் வைக்கும் இடம் நேர்கீழே இருப்பதால் எழுந்து நின்று ஓட்டலாம். மீட்டியோரில் கால் முன்னால் நீண்டிருக்கும்; பள்ளம் வந்தால் அடி நேராக முதுகுத்தண்டில்தான். உயரம் குறைந்தவர்களுக்கு மட்டும் அதன் 765 மில்லிமீட்டர் சீட் பெரிய வரம். லடாக், ஸ்பிதி பக்கமெல்லாம் நான் மீட்டியோரை ஓட்டிப் பார்த்ததில்லை, அங்கே போகிறவர்கள் என் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்சீட்டில் ஆள் வைத்து நீண்ட தூரம் போன அனுபவமும் குறைவுதான்.

ஹிமாலயன்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், வாங்கும்போது கோன்செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்) ஆட்டத்தையும் ரிம் கோட்டத்தையும் பார்த்துவிடுங்கள். முன்பக்க 21 இஞ்ச் டியூப் சின்ன ஊர்க் கடைகளில் கிடைப்பது சந்தேகம், ஸ்பேர் கையில் இருக்கட்டும். மலைக்குக் கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே ஒரு முறை பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.